அலங்கம் எழுந்தபின்: கோர்லிட்ஸ் நகரின் பழங்கட்டடங்கள் மீட்கப்பட்ட வரலாறு

நெகேமியாவின் நூலை வாசிப்போர் பெரும்பாலும் 6ஆம் அதிகாரத்தோடு மனநிறைவு அடைந்துவிடுகின்றனர். சன்பல்லாத்தின் ஏளனமும் தொபியாவின் சூழ்ச்சியும் தோற்றுப்போக, எருசலேமின் அலங்கம் 52 நாளில் கட்டி முடிக்கப்பட்டது என்னும் வெற்றிச் செய்தி அங்கே வருகின்றது. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே ஒரு பெருங்குறை சொல்லப்படுகின்றது. நகரம் விரிந்து பெரிதாயிருந்தும் அதனுள் குடியிருந்தோர் மிகச் சிலரே. எனவே, பத்துப் பேரில் ஒருவரை எருசலேமில் குடியேற்றும்படி சீட்டுப் போட வேண்டியதாயிற்று என்று 11ஆம் அதிகாரம் கூறுகின்றது. தாமாகவே அங்குக் குடியேற முன்வந்தோரை மக்கள் வாழ்த்தினர் என்பதும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது.

கல்லால் ஆன நகரை மீட்பதற்கும் மக்களால் ஆன நகரை மீட்பதற்கும் இடையேயுள்ள இத்தொலைவை நம் காலத்தில் தெளிவாக எடுத்துக்காட்டும் நகரம் ஒன்று ஜெர்மனியின் கிழக்கு எல்லையில், நைசே ஆற்றங்கரையில் உள்ளது. அதன் பெயர் கோர்லிட்ஸ். தமிழ்த் திருச்சபைக்கு இந்நகர் முற்றிலும் அந்நியமானதன்று. இதே லௌசிட்ஸ் நாட்டைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்த பர்த்தொலொமேயு சீகன்பால்கு, தரங்கம்பாடிக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் கல்வி பயின்றது கோர்லிட்ஸ் நகரப் பள்ளியிலேயே. பியட்டிசம் எனப்படும் பக்தியியக்கத்தின் தாக்கம் அவர் உள்ளத்தில் ஏற்பட்டதும் அந்நாள்களிலேயே ஆகும். அந்நகரின் பழங்கட்டடங்கள் அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட வரலாற்றையும், அம்மீட்பு திருச்சபையின் முன் வைக்கும் வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நகரும் அதன் மரபும்

கோர்லிட்ஸ் என்னும் பெயர் 1071ஆம் ஆண்டின் அரச ஆவணம் ஒன்றில் முதன்முதலாகக் காணப்படுகின்றது. மேற்கிலிருந்து கிழக்கே சென்ற ‘வியா ரேகியா’ என்னும் அரச பெருவழி இவ்விடத்தில் ஆற்றைக் கடந்தது. துணி நெசவும், நீலச் சாயம் தரும் செடியின் வணிகமும் நகரத்தாருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தன. 1346இல் அண்டை நகரங்கள் ஐந்தோடு சேர்ந்து ‘ஆறு நகரக் கூட்டணி’யை இந்நகர் அமைத்துக்கொண்டது.

வணிகரின் தேவைக்கேற்ப இங்கு ஒரு தனிவகை வீடு உருவாயிற்று. வாயிலைக் கடந்ததும் வளைவு விதானங்கொண்ட உயர்ந்த மண்டபம். அதைச் சுற்றி மாடிகள். மேலிருந்து இறங்கும் ஒளி. பண்டங்களை இறக்கவும், காட்டவும், விற்கவும் அம்மண்டபமே பயன்பட்டது. இவ்வகை ‘மண்டப வீடுகள்’ நகர மையத்தில் இன்றும் பல உள்ளன. 1525இல் தீ நகரின் பெரும்பகுதியை அழித்தபின், வெண்டல் ரோஸ்கோப் என்னும் சிற்பாசாரி 1526இல் எழுப்பிய ஷோன்ஹோப் மாளிகை, ஜெர்மனியின் மறுமலர்ச்சிப் பாணிக் குடியிருப்புக் கட்டடங்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று.

சமயச் சின்னங்களுக்கும் இங்குக் குறைவில்லை. 1465இல் எருசலேமுக்கு யாத்திரை சென்று திரும்பிய கெயோர்க் எம்மரிக் என்னும் வணிகரின் முயற்சியால் எழுந்த திருக்கல்லறை வளாகம் 1504இல் நிறைவுற்றது. எருசலேமிலுள்ள மூலக் கட்டடம் 1808ஆம் ஆண்டின் தீவிபத்துக்குப்பின் புதிய உருவம் பெற்றுவிட்டது. கோர்லிட்ஸின் படியோ இடைக்கால வடிவை இன்றும் காட்டி நிற்கின்றது. 1570 அளவில் கட்டப்பட்ட ‘வேதாகம வீடு’ என்னும் இல்லத்தின் முகப்பில் பழைய, புதிய ஏற்பாடுகளின் காட்சிகள் வரிசையாகக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. வாசிக்கத் தெரியாதவனும் தெருவில் நின்றே மீட்பின் வரலாற்றைக் கண்ணால் கற்கலாம். தூய பேதுரு ஆலயத்தில் கஸ்பரீனி என்பார் 1703இல் அமைத்த ‘சூரிய ஆர்கன்’ புகழ் வாய்ந்தது. செம்மான் தொழில் செய்துகொண்டே மறைஞான நூல்கள் எழுதிய யாக்கோபு பேமே (1575–1624) வாழ்ந்ததும், அந்நகரின் தலைமைக் குருவானவரால் கண்டிக்கப்பட்டதும், இறுதியில் அடக்கம்பண்ணப்பட்டதும் இந்நகரிலேயே.

19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதையும் தொழிற்சாலைகளும் வந்தபின், பழைய மையத்தைச் சூழ்ந்து, சுதை வேலைப்பாடு மிக்க பல மாடி வீடுகள் தெருத்தெருவாக எழுந்தன. இவையனைத்தும் சேர்ந்து, பாதுகாக்கப்படவேண்டிய கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்டவை இச்சிறு நகரில் ஏறக்குறைய 4,000.

2. போர் தொடாததை அமைதி அழித்தது

இரண்டாம் உலகப்போரில் டிரெஸ்டன் போன்ற நகரங்கள் எரிந்து சாம்பலாயின. கோர்லிட்ஸோ ஏறக்குறைய சேதமின்றித் தப்பியது. போர் முடிவதற்கு ஒரு நாள் முன்னர், 1945 மே 7ஆம் நாள், பின்வாங்கிய ஜெர்மன் படையினர் ஆற்றுப்பாலங்களைத் தகர்த்தனர். பின்னர் நைசே ஆறே நாட்டு எல்லையாயிற்று. கிழக்குக் கரை போலந்துக்கு உரியதாகி ஸ்கோஷெலெட்ஸ் என்னும் தனி நகராயிற்று. 1950இல் கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் அந்நகரில் கையொப்பமிட்ட உடன்படிக்கை இவ்வெல்லையை உறுதிசெய்தது. சிலேசியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர் பல்லாயிரவர் மேற்குக் கரையில் தங்கினர்.

திருச்சபையும் இத்துயரில் பங்குகொண்டது. பரந்த சிலேசியச் சுவிசேஷத் திருச்சபையில் எஞ்சியது நைசேக்கு மேற்கேயிருந்த சிறு பகுதி மட்டுமே. அரசின் நெருக்குதலால் 1968இல் தன் பெயரிலிருந்து ‘சிலேசியா’ என்னும் சொல்லையும் அது விடவேண்டியதாயிற்று. ஆயினும் 1964 முதல் 1979 வரை அதன் பேராயராயிருந்த ஹான்ஸ் யோவாகிம் ஃபிரெங்கல், அரசின் அத்துமீறல்களை வெளிப்படையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர்.

குண்டுகள் செய்யாததைப் பின்வந்த 40 ஆண்டுகளின் புறக்கணிப்பு செய்தது. இதன் காரணம் எளிது. கிழக்கு ஜெர்மனியில் வீட்டு வாடகை 1936ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஏழைகளுக்குப் பரிவு காட்டும் நோக்கோடு பிறந்த சட்டமே அது. ஆனால் அவ்வாடகையைக் கொண்டு ஓட்டைக்கூட மாற்ற இயலவில்லை. ஓடு ஒன்று நழுவினால் மழைநீர் உத்தரத்தில் இறங்கும். ஈரம் கண்ட மரத்தைப் பூஞ்சணம் அரிக்கும். உத்தரம் தளர்ந்தால் மேல்தளம் சரியும். அதன்பின் சுவர் தாங்காது. ஒருநாள் வேலையில் தடுத்திருக்கக்கூடிய கேடு பத்தாண்டுகளில் வீட்டையே விழுங்கிவிடும். வீட்டுக்காரர் பலர் பொறுப்பைச் சுமக்க இயலாமல் தம் வீடுகளை அரசிடமே விட்டுச்சென்றனர்.

அரசோ ஆயத்தப் பலகைகளால் புறநகரில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவதிலேயே முனைந்தது. கோனிக்ஸ்ஹூபன் என்னும் புதுக்குடியிருப்பு அவ்வாறு எழுந்தது. வெந்நீரும், வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் உள்ள இல்லம் கிடைத்தபோது, மாடிப்படியோரக் கழிப்பறையையும் நிலக்கரி அடுப்பையும் விட்டு மக்கள் மகிழ்ந்து வெளியேறினர் எனில், அவர்களைக் குறைகூற யாரால் இயலும்? 1989 அளவில் பழைய நகரின் பெரும்பகுதி ஆளற்றுக் கிடந்தது. சில தெருக்களைத் தகர்க்கும் திட்டமும் இருந்தது. வெடிமருந்து வைக்கச் சுவர்களில் துளையும் இட்டிருந்தனர் என நகரத்தார் கூறுவர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் ஆலயங்களில் கூடிய ஜெபக்கூட்டங்கள் நாட்டின் போக்கையே மாற்றின. தகர்க்கும் திட்டமும் அதனோடு ஒழிந்தது.

3. உரிமையும் பணமும்

ஆட்சி மாறியவுடன் வீடுகள் எழுந்துவிடவில்லை. முதல் தடை உரிமைச் சிக்கல். நாசி ஆட்சியிலும் அதன்பின் வந்த ஆட்சியிலும் பறிக்கப்பட்ட சொத்துகளை, இழப்பீடு தருவதற்குப் பதில், இயன்றவரை உரியவரிடமே திருப்பித் தரவேண்டும் என்பது 1990இன் சட்டம் வகுத்த நெறி. நீதி அதையே கோரிற்று. ஆனால் ஒரே வீட்டுக்கு உரிமை கோரும் வாரிசுகள் பல நாடுகளில் சிதறியிருந்தனர். வழக்கு முடியும்வரை கூரையைத் தொடுவாரில்லை. மழையோ வழக்கு முடியும்வரை காத்திருக்கவில்லை.

இரண்டாம் தடை பணம். பழைய நகர மையங்களைக் காக்கும் தனித்திட்டம் ஒன்றைக் கூட்டரசு 1991இல் தொடங்கியது. கிழக்கில் கட்டடப் பணிக்கு முதலிடுவோருக்குப் பெரும் வரிச்சலுகையும் 1990களில் தரப்பட்டது. மேற்கிலிருந்து பணம் பாய்ந்தது. ஆனால் அது வரியைக் கணக்கிட்டு வந்த பணமாகையால், வாடகைக்கு ஆள் வருவாரா என்று கணக்கிடாமலே பல வீடுகள் புதுப்பிக்கப்பட்டன. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாம் தடை, கைத்திறனின் மறைவு. பலகை வீடு கட்டிப் பழகிய தலைமுறைக்குச் சுண்ணாம்புக் காரையும், சுதை வேலையும், மரப் பொருத்தும் அந்நியமாகியிருந்தன. சுண்ணாம்பால் கட்டிய பழஞ்சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் தன்மையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். ஆகவே, கைவினைஞருக்குப் பழைய முறைகளில் பயிற்சியளிக்கும் நிலையம் ஒன்று கோர்லிட்ஸிலேயே நிறுவப்பட்டது. ஜெர்மன் நினைவுச்சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளையின் தலைவராயிருந்த கலை வரலாற்றறிஞர் கோட்ஃபிரீட் கீசோ (1931–2011) இந்நகரின்மேல் தனிப்பற்று வைத்து உழைத்தார். நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகன் சிறப்பை அளித்தது.

இங்கே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1995இல் பெயர் தெரியாத ஒருவர் நகருக்கு 10 லட்சம் ஜெர்மன் மார்க் அன்பளிப்பாக அனுப்பினார். பழைய நகரைப் பழுதுபார்க்க மட்டுமே அதைச் செலவிடவேண்டும். தம்மை யார் என்று ஆராயக் கூடாது. ஆராய்ந்தால் உதவி நின்றுவிடும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். மறு ஆண்டும் அதே தொகை வந்தது. நாணயம் மாறியபின் 5,11,500 யூரோவாக ஆண்டுதோறும் வந்து, 2016ஆம் ஆண்டோடு நின்றது. மொத்தம் 1 கோடி யூரோவுக்கு மேல். அறங்காவலர் குழு ஒன்று விண்ணப்பங்களை ஆராய்ந்து அதைப் பகிர்ந்தளித்தது. கதவு ஒன்று, கல்வாயில் ஒன்று, ஓவியம் தீட்டிய உத்தரம் ஒன்று என நூற்றுக்கணக்கான சிறு பணிகளுக்கு அது பயன்பட்டது. கொடுத்தவர் யாரென்று இன்றளவும் வெளிப்படவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கவேண்டும் என்னும் ஆண்டவரின் போதனைக்கு இதனினும் சிறந்த விளக்கம் அரிது. கொடையாளரின் பெயரைக் கல்லில் பொறிக்காமல் ஆலயத்தின் ஒரு சாளரத்தையும் கட்டமாட்டோம் என்னும் நிலையிலுள்ள சபைகள் இதைச் சிந்திக்கவேண்டும்.

4. விளக்கெரியாத சாளரங்கள்

இவ்வாறு 20 ஆண்டுகளுக்குள் கோர்லிட்ஸின் மையம் ஓவியம்போல் எழுந்து நின்றது. ஆனால் மாலையில் பார்த்தால் பல சாளரங்களில் விளக்கில்லை. ஒன்றிணைப்புக்குப்பின் தொழிற்சாலைகள் மூடப்பட்டும் சுருங்கியும் போகவே, இளைஞர் வேலை தேடி மேற்கே சென்றனர். 1980களின் இறுதியில் 70,000க்கு மேலிருந்த மக்கள்தொகை இன்று 60,000க்கும் குறைவு. வரிச்சலுகைக்காகப் புதுப்பிக்கப்பட்ட வீடுகளில் குடிவர ஆளில்லை. இன்னொருபுறம், பழுதுபார்க்கப்படாத வீடுகளும் தெருக்கோடிகளில் சரிந்துகொண்டிருந்தன.

ஆலயத்தின் அருகே 1913இல் திறக்கப்பட்ட பெரும் பல்பொருள் அங்காடியின் வரலாறு இந்நிலையை உருவகமாகக் காட்டுகின்றது. கண்ணாடிக் கூரையும் அலங்காரப் படிக்கட்டும் கொண்ட அக்கட்டடம் இரு போர்களையும் இரு சர்வாதிகாரங்களையும் கடந்து கடையாகவே இயங்கி, 2009இல் மூடப்பட்டது. பின்னர் 2014இல் வெளிவந்த ‘கிராண்டு புடாபெஸ்ட் ஹோட்டல்’ என்னும் திரைப்படத்துக்கு அது அரங்கமாயிற்று. திரைப்படத்தார் பலர் இந்நகரை நாடுவதற்கு அதன் அழகோடு அதன் வெறுமையும் ஒரு காரணம். வாழுமிடம் காட்சிப்பொருளாவது மீட்பாகுமா என்னும் வினா இங்கே எழுகின்றது.

நகரத்தார் இவ்வினாவைத் தட்டிக்கழிக்கவில்லை. 2008 முதல் அவர்கள் மேற்கொண்ட முயற்சி நெகேமியாவின் சீட்டை நினைவூட்டுவதாகும். பழைய நகர மையத்தில் பொருள்களோடு ஆயத்தம் செய்த வீடுகளில், வாடகையின்றிச் சில நாள் வாழ்ந்து பார்க்க வெளியூராரை அழைத்தனர். ‘வெள்ளோட்டக் குடியிருப்பு’ எனலாம். வந்து தங்கியோரிடம் வண்டி நிறுத்துமிடம், கடைகள், பிள்ளைகள் விளையாடுமிடம், இரைச்சல் முதலியன குறித்து ஆராய்ச்சியாளர் கேட்டறிந்தனர். பின்னாளில் ஒரு மாதம் தங்கி வேலையும் செய்து பார்க்கும் திட்டமாக அது விரிந்தது. மேற்கிலிருந்து ஓய்வுபெற்றோர் சிலர் குறைந்த வாடகையை நாடி வந்து நிலைத்தனர்.

எதிர்பாராத குடிகள் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தனர். 1945இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்தின் இடத்தில், போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2004ஆம் ஆண்டிலேயே நடைபாலம் ஒன்று திறக்கப்பட்டது. 2007 இறுதியில் எல்லைச் சோதனையும் நீக்கப்பட்டது. போலந்துக் குடும்பங்கள் மேற்குக் கரையில் வீடெடுத்து வாழத் தொடங்கின. பகைவர் என ஒரு தலைமுறை எண்ணியவரின் பேரப்பிள்ளைகள் அப்பழைய சாளரங்களில் விளக்கேற்றினர். இப்பணியில் அத்தனை கட்டடங்களுக்கும் மேலான பயனை அந்த ஒரு சிறு பாலம் தந்தது என்பது மிகையன்று.

5. தொழுவார் இல்லாத தொழுகைக்கூடம்

இவ்வரலாற்றின் மிக ஆழமான பகுதி யூதரின் ஜெப ஆலயத்தைப் பற்றியது. லோசோ, கூனே என்னும் டிரெஸ்டன் கட்டடக்கலைஞர் இருவர் வடிவமைத்த அக்கட்டடம் 1911 மார்ச் 7ஆம் நாள் திறக்கப்பட்டது. 1938 நவம்பரில் நாடெங்கும் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்ட இரவில் இங்கும் தீ மூட்டப்பட்டது. ஆனால் தீயணைப்போர் அதை அணைத்துவிட்டனர். கட்டடம் தப்பியது; மக்கள் தப்பவில்லை. நகரின் யூதருள் பலர் நாட்டைவிட்டு ஓடினர். எஞ்சியோர் கொண்டுசெல்லப்பட்டு அழிந்தனர். அவர்களுள் பலர், அருகிலிருந்த தோர்மெர்ஸ்டார்ஃப் என்னும் ஊரில், சுவிசேஷத் திருச்சபையின் தொண்டு இல்லத்திடமிருந்து பறிக்கப்பட்ட கட்டடங்களில் முதலில் அடைக்கப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

போருக்குப்பின் அங்குத் தொழ ஒரு சபை இல்லை. 1963இல் நகரசபை அக்கட்டடத்தை வாங்கியது. ஆயினும் அது பாழாகவே கிடந்தது. 1991இல் தொடங்கிய சீரமைப்புப் பணி 30 ஆண்டு நீடித்து, ஏறக்குறைய 1 கோடியே 26 லட்சம் யூரோ செலவில் நிறைவுற்று, 2021 ஜூலை 12ஆம் நாள் பண்பாட்டு மன்றமாகத் திறக்கப்பட்டது. கோபுரத்திலிருந்து நாசி காலத்தில் அகற்றப்பட்ட தாவீதின் நட்சத்திரம் 2022இல் மீண்டும் ஏற்றப்பட்டது. சிறு ஜெப அறை ஒன்று யூத வழிபாட்டுக்கென விடப்பட்டுள்ளது.

சீரமைத்தோர் ஒரு நல்ல முடிவை எடுத்தனர். காலத்தின் வடுக்களை முற்றிலும் துடைத்துவிடாமல் சிலவற்றைக் காணும்படி விட்டுவைத்தனர். எல்லாம் புத்தம் புதிதாகப் பொலிந்தால், அங்கு ஒன்றும் நேரவில்லை என்று சுவரே பொய்ச்சாட்சி சொல்லும். மீட்கப்பட்ட அம்மண்டபத்தின் பேரழகு அதன் வெறுமையை இன்னும் கூர்மையாக்குகின்றது. கட்டடத்தை மீட்பதால் மனந்திரும்புதல் நிறைவேறிவிடுவதில்லை. ஆயினும் மனந்திரும்புதலுக்கு அது ஓரிடத்தை ஆயத்தம் செய்கின்றது.

6. நமக்குரிய படிப்பினை

இவ்வரலாறு நம் நாட்டுக் குருமாருக்கும் இறையியல் மாணவருக்கும் மூன்று செய்திகளைத் தருகின்றது.

முதலாவது, பராமரிப்பு ஓர் ஆன்மிகக் கடமை. நழுவிய ஓட்டை அந்த வாரமே மாற்றுகின்ற சபைக்கு, ஐம்பது ஆண்டுக்கொருமுறை கட்டட நிதி திரட்டவேண்டிய தேவை வாராது. நம் முன்னோர் சுண்ணாம்பால் கட்டிய ஆலயங்கள் பல, அன்பின் மிகுதியால் சிமெண்டு பூசப்பட்டு ஈரம் தாங்கி நலிகின்றன; பின்னர் ‘பழுதுபட்டது’ எனத் தீர்ப்பளிக்கப்பட்டு இடிக்கப்படுகின்றன. நூற்றாண்டு விழாவுக்குப் புதுக்கட்டடம் எழுப்புமுன், சுண்ணாம்பு அறிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக் கேட்பது நலம்.

இரண்டாவது, யாருக்காக மீட்கிறோம் என்னும் வினாவை வேலை தொடங்குமுன் கேட்கவேண்டும். இளைஞர் பிழைப்புக்காக நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, சில முதியோர் மட்டும் தொழுதுவரும் சிற்றூர்ச் சபைகள் நம்மிடையே பல. அங்கே உயர்ந்த கோபுரம் முதல் தேவையா, அன்றி ஆலயக் கதவை ஊரின் பிள்ளைகளுக்கும் பிற சமயத்து அயலாருக்கும் திறந்துவிடும் ஒரு பாலம் முதல் தேவையா? கோர்லிட்ஸின் சாளரங்களில் விளக்கேற்றியவர் அக்கரையார் என்பதை நினைவிற்கொள்வோமாக.

மூன்றாவது, நினைவை வெள்ளையடித்து மறைக்கலாகாது. நம் பழைய ஆலயங்கள் சிலவற்றில் சாதிவாரியாக இருக்கை பிரிக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. தனி வாயில்களும் தனிக் கல்லறைத் தோட்டங்களும் அதற்குச் சாட்சி. சீரமைப்பின்போது அவ்வடையாளங்களை அகற்றிவிட்டு, ‘எல்லாரும் ஒன்றாய்த் தொழுத ஆலயம்’ என வரலாறு எழுதுதல் எளிது. ஆனால் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டோரின் பிள்ளைகள் இன்றும் நம் நடுவே உள்ளனர். அவர்கள் அறிந்த உண்மையைச் சுவர் மறைத்தால், அச்சுவரை மீட்டதால் யாருக்கு என்ன பயன்?

நெகேமியாவின் நூலில் இன்னும் ஓர் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. அலங்கம் கட்டி முடிந்தது 6ஆம் அதிகாரத்தில். ஆனால் அதன் பிரதிஷ்டை வருவது 12ஆம் அதிகாரத்தில். இடையில் மக்கள் கூடி நியாயப்பிரமாணத்தைக் கேட்டனர். தங்கள் பாவங்களையும் தங்கள் பிதாக்களின் அக்கிரமங்களையும் அறிக்கையிட்டனர். பின்பு நகருக்குள் குடியேறினர். இவையெல்லாம் நிறைவேறிய பின்னரே கைத்தாளங்களும் தம்புருகளும் சுரமண்டலங்களும் ஒலித்தன. நாமும் நம் பிரதிஷ்டை நாள்களைக் குறிக்குமுன் அவ்வொழுங்கைப் பின்பற்றுவோமாக.